கைபிடி இடையில் நிண்டால்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

மச்சான்,

இஞ்சை எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சுது. நாங்கள் தவில் எண்டு பட்டம் சொல்லிக் கூப்பிடுறவன் போன கிழமை வந்து உன்னை விசாரிச்சவன், பழைய கணக்கை மறக்கேல்லையாம். மூன்று மாதம் எழுதாமல் விட்டது என்ரை பிழை. நீ பிரெஸ்ஸிலை வைச்சு வெறும் கோதுகளைத் திரும்பத் துப்பாக்கி ரவை ஆக்கிறதை எடுத்து அனுப்பின வீடியோவை இண்டைக்குப் பார்த்த பிறகு நாளைக்கு எண்டு தள்ளிப்போட மனம் வரேல்லை.

கோதுகளைச் சுமந்து சுத்துற தட்டு சரியாகத் திரும்பி நிற்குதில்லை, பிரைமர் (கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) வெளியே தள்ளி நிற்குது, வெடிமருந்து சிந்துது எண்டு மூன்று குறை எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் வழி இருக்கு, கீழே எழுதிறன். என்னைப் பயப்படுத்தினது நீ எழுதாத நாலாவது. வீடியோவில் கோதின் விளிம்பு டையின் (மேலே பூட்டியிருக்கிற அச்சின்) வாயில் இடிச்சு நிற்குது. நீ கைபிடியைப் பாதி மேலே விட்டு, விரலால் தட்டை ஆட்டி, திரும்ப அமத்திறாய். இரண்டு தரம். பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி அடுத்த கோதைப் போடுறாய்.

அந்த நேரம் இரண்டாவது ஸ்டேஷனில், அதுதான் தட்டு சுத்தி வந்து நிற்கிற இடங்களில் மருந்து விழுகிற இடத்தில், என்ன நடக்குது எண்டு யோசி. உன்ரை மருந்து அளவி கோது மேலே போய்த் தள்ளினால்தான் மருந்தை விடும். கைபிடி முழுசாகத் திரும்பினால்தான் அதின்ரை உள்சட்டம் பழைய இடத்துக்கு வந்து அடுத்த அளவை நிரப்பும். இடையில் மேலும் கீழும் ஆட்டினால் அது எந்த நிலையில் நிற்குது எண்டு ஆருக்கும் தெரியாது. ஒரு கோதுக்குள் இரண்டு அளவு விழலாம், பாதி விழலாம், ஒண்டுமே விழாமலும் போகலாம். கெதியாக எரியிற மருந்து கொஞ்சம்தானே போடுறது, 9 மிமீ கோதில் இரட்டை அளவு விழுந்தாலும் வெளியே வழியாது. மேலே குண்டை வைச்சு அமத்தினால் மற்ற ரவை மாதிரியே இருக்கும். சுடேக்கை துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாத ரவை இன்னும் கள்ளமானது. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு குழாய்க்குள் பாதி வழியில் போய் நிண்டிடும். சத்தம் குறைஞ்சதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வீங்கும், இல்லாட்டி பிளக்கும்.

அதனாலை ஒரே ஒரு பழக்கத்தை மாற்று. பிரெஸ் எந்தக் காரணத்துக்காக இடையில் நிண்டாலும் கையை எடு. கைபிடியைத் திரும்ப அமத்தாதே. தட்டில் இருக்கிற எல்லாக் கோதுகளையும் பிடிக்கம்பியைக் கழற்றி வெளியே எடு. மருந்து விழுந்ததுகளை அளவியின் பெட்டிக்குள் திருப்பிக் கொட்டு. கோதுகளைத் தனித் தட்டத்தில் வை. குண்டு வைச்சு முடிஞ்ச ரவையில் சந்தேகம் இருந்தால் அதையும் ஒதுக்கி வைச்சுப் பிறகு பிரி. பிறகு அளவியை வெறும் கோதில் இரண்டு மூன்று தரம் விட்டு, நிறுத்துப் பார்த்துத் தொடங்கு. கூடினால் ஐந்து நிமிஷம் போகும். மாஸ்டரின்ரை அச்சுக்கூடத்தில் தாள் சிக்கினால் அவர் முதல்ல சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துவார், அதுக்குப் பிறகுதான் தாளிலை கை வைப்பார். உனக்கு மறந்திருக்காது.

மூன்றாவது ஸ்டேஷன் இப்ப வெறுமனே கிடக்குது. அதில் மருந்து மட்டத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுற டை ஒண்டைப் பூட்டு. அதோடை, குண்டு வைக்கிற நாலாவது ஸ்டேஷனுக்கு நேரே ஒரு சின்ன எல்ஈடி லைட்டை வளைச்சு வை. குண்டை வைக்க முதல் ஒவ்வொரு கோதுக்குள்ளும் கண் போகவேணும். கை வேகத்தைக் கண் பிடிக்கேல்லையெண்டால் கையைக் குறை.

இனித் தட்டு. திருகிலை கை வைக்க முதல் துடை. தட்டைக் கழற்றினால் அடியில் மருந்துத் துகள் அப்பிக் கிடக்கும், அதில் ஒண்டு இரண்டு போதும் தட்டைத் தூக்க. காய்ஞ்ச தூரிகையால் தட்டி எடு, எண்ணெய் விடாதே. எண்ணெய் பிரைமருக்கு நஞ்சு. நடு போல்ட்டைத் தட்டு இறுகிற வரைக்கும் முடுக்கி, பிறகு தட்டு சுயமாகத் திரும்பிற அளவுக்கு மட்டும் தளர்த்தி, பக்கத்துச் சின்னத் திருகால் பூட்டு. அந்த போல்ட் தளர்ந்துதான் உனக்குப் பிரைமரும் வெளியே நிற்குது எண்டு நினைக்கிறன். பிரைமரைக் கீழேயிருந்து தள்ளேக்கை தட்டு ஒரு பக்கம் சரிஞ்சு கொடுத்தால் அது முழுசாக உட்காராது. கோதின் அடிமட்டத்துக்கு 0.08 தொடக்கம் 0.13 மிமீ உள்ளே இருக்கவேணும். விரல் நுனியால் தடவினால் சின்னப் பள்ளம் தெரியும். மேடு தெரிஞ்சால் அந்தக் கோது தட்டத்துக்கு.

துடைச்ச பிறகும் தட்டு குறையத் திரும்பினால் அடியிலிருக்கிற இரண்டு நாக்கையும் பார். ஒண்டு கைபிடி இறங்கேக்கை பாதி தள்ளும், மற்றது ஏறேக்கை மிச்சத்தைத் தள்ளும். எந்தப் பாதியில் குறையுது எண்டு கண்டுபிடிச்சு அந்தத் திருகை மட்டும் தொடு. முதல்ல மார்க்கரால் கோடு போடு. ஒரு தரத்துக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதே. நிலைமை மோசமானால் கோட்டுக்குத் திருப்பி மற்றப் பக்கம் போ. இந்தச் சோதனை முழுக்க மருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் கோதில்.

பிரைமர் இறங்கிற குழாயில் சிக்கினால் கம்பி விட்டுக் குத்தாதே. 100 பிரைமர் வரிசையாக நிற்கிற குழாய் அது, ஒண்டு வெடிச்சால் மற்றதும் சேர்ந்து போகும். கண்ணாடி போடாமல் அதுக்குக் கிட்டப் போகாதே. வீடியோவில் நீ போடேல்லை, பார்த்தனான்.

பொறுக்கின கோதுகளில் ஆமிக் கோதும் கலந்திருக்கும். பிரைமர் குழியைச் சுற்றி அழுத்தின வளையம் இருந்தால் புதுப் பிரைமர் இறுகும், பலம் போட்டு அமத்தாதே. அந்த வளையத்தை வழிச்சு எடுத்த பிறகுதான் பிரெஸ்ஸுக்கு வரவேணும். .380 எண்ட வேற ரவையின்ரை கோது 9 மிமீ கோதுகளுக்குள்ளே ஒளிச்சு வரும், நீளம் கிட்டத்தட்ட 2 மிமீ குறைவு. தட்டத்தில் நிமிர்த்தி வைச்சால் குட்டையானது உடனே தெரியும்.

சிந்திறதுக்குக் காரணம் தட்டு டக்கெண்டு போய் நிற்கிறது. கைபிடியின் கடைசி அங்குலத்தை மெதுவாக விடு, பாதி நிண்டிடும். மருந்து அளவு கூடிக் குறைஞ்சால் அதுக்குக் கனடாவில் உன்ரை ஸ்காபரோ குளிர் காரணமாக இருக்கலாம். பனிக்காலக் காய்ஞ்ச காத்தில் பிளாஸ்டிக் பெட்டி மின்னேறி மருந்தை ஒட்டவைக்கும். இஞ்சத்தைப் புழுக்கத்தில் அது நடவாது. உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்குள்ளே போடுற அந்தத் தாளால் உள்ளே துடை. முதல் பத்து அளவையும் திருப்பிக் கொட்டு, பிறகு இருபதுக்கு ஒண்டு நிறு.

கோதுகளைப் பார்சலில் அனுப்பட்டோ எண்டு கேட்டாய். வேண்டாம், வெறும் கோதெண்டாலும் இஞ்சை சுங்கத்தில் பதில் சொல்லப் போறது நான்தான். வேர்னியரைப் பக்கத்தில் வைச்சுப் படம் எடு, அது போதும்.

பழைய பிரைமர்த் தூளில் ஈயம் இருக்கு. சின்னவளை அந்த மேசைக்குக் கிட்ட விடாதே. வேலை முடிய சோப் போட்டுக் கைகழுவிப்போட்டுத்தான் அவளைத் தூக்கவேணும்.

போன ஆவணியில் அந்தப் பிரெஸ்ஸை உன்ரை கராஜில் பூட்டித் தந்தது நான். அதாலைதான் இவ்வளவு எழுதிறன். இந்த மாதம் செய்து வைச்சிருக்கிற ரவை எல்லாத்தையும் ஒதுக்கு, ஒண்டையும் சுடாதே. நிறையைப் பார்த்து இரட்டையைக் கண்டுபிடிக்க நினைக்காதே, கோதும் குண்டும் ஒண்டுக்கொண்டு நிறை மாறும், மருந்து அதுக்குள்ளே மறைஞ்சிடும். பிரிச்சுத்தான் பார்க்கவேணும்.

தட்டைத் துடைச்சுப் பூட்டின பிறகு வெறும் கோதில் ஐம்பது தரம் அமத்தி ஒரு வீடியோ அனுப்பு. கண்ணாடியோடு.

உன்ரை
மச்சான்