வாசுகிக்கு, கதிர் விஷயமாக

அன்புள்ள வாசுகி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

கதிர் போனில் ஆபாச வீடியோக்களைப் பார்த்தது தெரிந்ததிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். "பையன் கெட்டுப்போயிட்டானாடி?" என்று கேட்டிருந்தாய். பார்த்தான் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

என் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே வீடியோ. ஒருத்தன், "எல்லாம் நடிப்பு மிஸ், எங்க அண்ணன் சொன்னான்" என்று கிரவுண்டுக்கு ஓடிவிட்டான். இன்னொருத்தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'இனி பார்க்க மாட்டேன்' என்று இம்போசிஷன் மாதிரி எழுதி வைத்திருந்தான். பாதி வரிகளை அவனே கிறுக்கி அடித்திருந்தான். ரொம்பக் கண்டிப்பான வீடு. குற்ற உணர்ச்சிதான் பிள்ளையைத் தின்றுகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஜோஷுவா கிரப்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் பெரியவர்களிடமும் இதையே பார்த்திருக்கிறார்: தப்பு என்று நம்பிக்கொண்டே பார்க்கிறவர்கள், கொஞ்சமாகப் பார்த்தாலும் 'அடிமையாகிவிட்டேன்' என்று தவிக்கிறார்கள்.

டிவி, இன்டர்நெட் மாதிரி ஊடகங்களின் பாதிப்பைப் பற்றி ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வால்கன்பர்க்கும் பீட்டரும் 2013இல் எழுதியதும் இதை ஒட்டியதுதான். பிள்ளையின் சுபாவம், வளர்ச்சி, சுற்றியிருக்கும் மனிதர்கள், இவற்றைப் பொறுத்தே பாதிப்பு கூடும் குறையும். 2016இல், வளரும் வயதுப் பிள்ளைகள் ஆபாசம் பார்ப்பது பற்றிய 20 வருஷ ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அதிகம் பார்ப்பது பையன்கள், உடல் வளர்ச்சியில் முந்தியவர்கள், த்ரில் தேடுகிறவர்கள், வீட்டில் ஒட்டுதல் இல்லாதவர்கள். ஆனால் பார்த்ததால் மாறினார்களா, ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள்தான் பார்க்கிறார்களா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பேப்பர்காரர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

போனைப் பிடுங்காதே, பக்கத்து பெஞ்சுப் பையனிடம் ஒன்று இருக்கும். உன் வீட்டுக்காரரிடமும் கை ஓங்க வேண்டாம் என்று சொல். கதிருக்கு உன் தம்பி என்றால் உயிராச்சே, தாய்மாமனே பேசட்டும்: இதெல்லாம் காசுக்கு எடுத்த நடிப்பு, நிஜத்தில் எதிராளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் இல்லை என்று. தூக்கம், படிப்பு, சிநேகிதம் எல்லாம் கெட்டு அறைக்குள்ளேயே கிடந்தால் ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்க்கலாம். இப்போது அவசரமில்லை.

ஒன்றை மட்டும் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்: யார் அனுப்பியது? வயதில் பெரிய ஆள் எவனாவது என்றால் கதையே வேறு. உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடு, எனக்கும் போன் போடு.

அன்புடன்,
மங்கை