நன்றி மடல்: தக்கலை ஓட்டு வீட்டு வேலையில் உடன் நின்றவர்களுக்கு

மதிப்புக்குரியவர்களே,

தக்கலைக்குப் பக்கத்தில், நடுமுற்றம் வைத்த வெட்டுக்கல் (செம்பூராங்கல்) வீட்டின் பழுதுபார்ப்பு முடிந்து வீட்டார் திரும்பக் குடியேறிவிட்டார்கள். அளவெடுத்து வரைபடம் போட்டது எங்கள் அலுவலகம். வீட்டைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி மேற்குப் பக்கத்து விளைக்காரருக்கு, அதாவது தோப்புக்காரருக்கு. முற்றத்தில் விழும் மழை ஓவு (வடிகால்) வழியாக இறங்கி, உங்கள் தென்னைவிளை ஓரமாக ஓடையில் சேருவதுதான் பழைய ஏற்பாடு. இடையில் யாரோ வெளிமுற்றத்துக்குக் காங்கிரீட் போட்டதில் ஓவின் வாய் அடைபட்டது. தரைமட்டமும் உயர்ந்து அடித்தளக் கல்லை முக்கால்வாசி மூடிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் சுவர் தண்ணீரில்தான் நின்றது. ஈரம் ஏறும் சுவருக்கு எந்தப் பூச்சையும் பூசுமுன் தண்ணீர் போக வழி வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி சரிவில் உங்கள் விளைக்குள் ஓடை வெட்டவும், மேலே கழற்றி எடுக்கும்படி பலகைக்கல் மூடவும் ஒரு காசும் கேட்காமல் இடம் கொடுத்தீர்கள். அந்த ஓடை இல்லாவிட்டால் கீழே சொல்லியிருக்கும் மற்ற வேலை எல்லாமே வீண்.

அடுத்தது வீட்டாருக்கு, அவர்களுடைய பொறுமைக்கு. மண்சாந்து வைத்துக் கட்டிய வெட்டுக்கல் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளிவர இடமில்லாமல் இன்னும் மேலே ஏறும். முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற கறை இடுப்புக்கு வரும். உள்ளே மண்சாந்து கரையும். பிறகு பூச்சு பெயரும்போது கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். அதைக் கைஉளியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். டிரில் வைத்தால் கல் பிளந்துவிடும். எடுத்த பிறகு சுவர் காய வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம். நம் மாவட்டத்திலோ இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. தொடர்ந்தாற்போல் ஒன்பது மாத வெயில் யாருக்குக் கிடைக்கும்? விசேஷத் தேதியைச் சொல்லி எங்களை விரட்டாமல் வாடகை வீட்டில் காத்திருந்தீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பதுபோல் கறுப்புப் பளபளப்புத் தரை வேண்டும் என்ற ஆசையையும் விட்டுக்கொடுத்தீர்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதற்குப் பல பக்குவம் சொல்வார்கள். எந்தப் பக்குவமானாலும், அடியில் ஈரம் இருக்கும் வரை அப்படி ஒரு தரை நிற்காது.

சிப்பிச் சூளைக்காரர்களே, நீங்கள் சிப்பியை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே சூளையில் அடுக்கினீர்கள். அலசாமல் சுட்டாலும் சுண்ணாம்பு பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் கழிந்தால் சுவரில் உப்பு பூக்கும். சுட்ட சுண்ணாம்பு காற்றில் கிடந்தால் தானாகவே நீர்த்து வலுவிழக்கும் என்பதால், சூளை பிரித்த அன்றைக்கே வண்டி ஏற்றி அனுப்பியதையும் மறக்கவில்லை. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு என்ற வரிசையில் நீர்த்து, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதத்துக்கு மேல் ஊற வைத்தோம். நீறாத கட்டி ஒன்று பூச்சுக்குள் போய்விட்டால் அது பிறகு நீர்த்து உப்பி, காசு அகலத்துக்குச் சுவரைப் பெயர்த்துத் தள்ளும்.

சாந்து அரைத்த அக்காமாருக்கும் கொத்தனார் அண்ணனுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் பொடி, இரண்டு பங்கு ஆற்றுமணல். சிப்பிச் சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். நம் ஈரக் காலநிலையில் அது மெதுவாக நடக்கும். செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். அந்தப் பொடி இளவேக்காட்டு நாட்டுச் செங்கலில் இடித்ததாக இருக்க வேண்டும். கருகச் சுட்ட கல்லின் பொடி வெறும் மணலுக்குச் சமம். வெளுத்த கல்லாகப் பார்த்து ஒதுக்கித் தந்த தோவாளைப் பக்கத்துச் சூளைக்காரருக்கும் இங்கேயே நன்றி. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டாமல், சுவரை நன்றாக நனைத்து, பூசிய பிறகு ஈரச்சாக்கும் முடைந்த ஓலையும் கட்டி வெயிலையும் காற்றையும் தடுத்தீர்கள். கடுக்காய்த் தண்ணீரையும் கருப்பட்டித் தண்ணீரையும் அளந்தே ஊற்றினீர்கள். பழைய முறை என்று சொல்லி இந்த இடத்தில்தான் பலர் தாராளம் காட்டுகிறார்கள். கருப்பட்டி கூடினால் சாந்து இறுகுவது தள்ளிப்போகும்.

மூத்தாசாரி அவர்களே, கழுக்கோல் (கூரையின் சரிவுக் கோல்) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று சொல்வது எளிது. இரும்பு டிரஸ் அடித்துத் தகடு போடச் சொன்னவர்களும் உண்டு. ஊரெங்கும் ஓட்டுக்கு மேல் தகடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் ஒவ்வொரு கோலையும் சுத்தியலால் தட்டிக் கேட்டு, ஊசியால் குத்திப் பார்த்தீர்கள். எங்கள் ஈரமானியில் நூற்றுக்கு இருபதைத் தாண்டிய இடங்களும் நீங்கள் சாக்கட்டியால் குறித்த இடங்களும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன: சுவர் உத்திரத்தில் கோல் உட்காரும் இடம், இறவாணத்து (கூரை விளிம்பு) நுனி. உளுத்த நுனியை மட்டும் அறுத்து, பிரித்த வீட்டிலிருந்து கிடைத்த பழைய அயனி மரத்தில் துண்டு சேர்த்தீர்கள். இணைப்பின் நீளம் கோலின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. சரிவாக வெட்டி ஒன்றோடொன்று பூட்டி, மர ஆப்பு. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து வீங்கினால் மரம் பிளக்கும் என்று நீங்கள் பிடித்த பிடியை விடாததும் சரிதான். நறுக்கு முகங்களில் முந்திரித் தோட்டு எண்ணெய் தடவக் கொடுத்த அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை)காரர்களுக்கும் நன்றி. அது கையில் பட்டால் தோல் உரியும், கையுறையோடு கொடுத்தனுப்பினீர்கள்.

பழைய ஓடு வியாபாரிக்கு ஒரு வார்த்தை. மங்களூர் ஓட்டில் ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு பூட்டாது. பள்ளம் அரைவிரல் மாறினாலும் சாரல் உள்ளே வரும். அடிப்பக்க முத்திரையைப் பார்த்து ஒரே கம்பெனி ஓடாகப் பிரித்து, தட்டினால் கணீரென்று ஒலித்ததை மட்டும் தந்தீர்கள். சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு என்ற கணக்கில் உடைசலுக்கும் சேர்த்து வாங்கியது போதுமானதாக இருந்தது.

பழைய மலையாள ஆதாரங்களை (சொத்துப் பத்திரங்களை) படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வணக்கம். 1949 வரை இது திருவிதாங்கூர் மண், பிறகு 1956 நவம்பர் 1க்கு முன்வரை திருவிதாங்கூர்-கொச்சி. பத்திரத்தில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆங்கில ஆண்டு காண, சிங்கம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) மாத நடுவரை 824, அதற்குப் பிறகு 825 கூட்ட வேண்டும். 1092 என்று கண்டால் மாதத்தைப் பார்த்து 1916 அல்லது 1917. அந்தக் கணக்கை நீங்கள் போட்டுத் தந்ததால்தான் வடக்குக் கட்டு (வீட்டின் வடக்குப் பகுதி) பிறகு சேர்த்தது என்று உறுதியானது. இரண்டு கட்டுக்கும் நடுவே ஓடிய வெடிப்புக்குக் காரணமும் தெரிந்தது. இரண்டும் தனித்தனியே அமர்ந்த சுவர்கள். அதனால் அந்த வெடிப்பை இறுக்கி அடைக்காமல் மெல்லிய சுண்ணாம்புச் சாந்தால் மட்டும் நிரப்பினோம்.

கிராம அலுவலக ஊழியர்கள், வயரிங்கைச் சுவரை வெட்டாமல் பலகைத் தட்டுக்கு மேலே கொண்டுபோன தம்பி, தினமும் சாயாவும் பழம்பொரியும் அனுப்பிய முக்குக்கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி.

மிஞ்சிய ஓடுகள் தெற்குத் தொழுவத்தில் அடுக்கியிருக்கின்றன. அதே முத்திரை தேவைப்படுகிறவர்கள் வீட்டாரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இடவப்பாதிக்கு முன் ஓடையின் மூடுகல்லைத் தூக்கிச் சருகு வாரவும், இறவாணத்து ஓடுகளைச் சரிபார்க்கவும் ஆண்டுதோறும் ஆள் அனுப்புகிறோம். விளைக்கார அண்ணன் அன்றைக்குக் கேட்டைத் திறந்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டடக்கலைஞர்கள்,
பழங்கட்டடப் பாதுகாப்புப் பணி,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்