நாலு பேருக்கும் முன்பணம் கட்டியாச்சு

மாப்ளே,

நாலு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். மார்ச் நடுவில் ஒரு வாரத்துக்கு, பனிச்சறுக்குக்காக, பிரான்ஸில் வால் தொரான்ஸ் என்ற ஊரில், நாலு பேர் தங்க ஒரு வீடு பிடித்து முன்பணமும் கட்டிவிட்டேன். நான், நம் கூட்டத்து ஒட்டகம், வாத்தியார், நாலாவது ஆள் நீதான். லீவு கிடைக்காது என்று ஆரம்பிக்காதே. ஒட்டகத்தின் கல்யாணத்தன்று மொட்டைமாடியில் நீ என்ன சத்தியம் செய்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நிதானத்தில் செய்தாய் என்பதும்தான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியவன் விஷயம் அதே கதைதான். அம்மாவின் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று, ஒரு வரி போடு.

சரி, ஏன் அந்த ஊர்? உயரம்தான் காரணம். வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களிலேயே உயரமானது அதுதான். கீழே இருக்கும் ஊர்களில் சில வருஷம் ஜனவரியில்கூடச் சரிவெல்லாம் புல்லும் சேறுமாகக் கிடக்கிறது. ஆட்களைச் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் சும்மா தொங்குகிறது. பணத்தைக் கட்டிவிட்டுப் போய் சேற்றைப் பார்க்க என்னால் முடியாது. இங்கே மே முதல் வாரம் வரைக்கும் சறுக்குகிறார்கள். த்ருவா வலே என்று மூன்று பள்ளத்தாக்குகளை லிஃப்டால் இணைத்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் 600 கிலோமீட்டர் தடம். அதில் நமக்குத் தேவைப்படப் போவது ஒரு இருநூறு மீட்டர், அதுவும் இருப்பதிலேயே சுலபமான பச்சைத் தடம். பச்சைக்கு அடுத்து நீலம், அப்புறம் சிவப்பு, கறுப்பு. கறுப்புப் பக்கம் ஒட்டகம் தலை வைத்துப் படுக்காமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

பிப்ரவரியை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். பிரான்ஸில் பள்ளிகளை மூன்று மண்டலமாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையை மாற்றி மாற்றி விடுவார்கள். அந்த மாதம் முழுக்க லிஃப்ட் வரிசையில் நின்றே கால் போய்விடும். வீடெல்லாம் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு. அன்றைக்கு மலைச்சாலை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். அதனால் கார் வேண்டாம். மூத்தியே என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ். காரில் போனாலும் ஊருக்குள் மூட்டையை இறக்கிவிட்டு வண்டியைக் காசு கட்டி வேறெங்காவது நிறுத்தத்தான் வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை ஒட்டகத்துக்குக் கொடுத்துவிடலாம். அந்தப் பழைய பஸ் பயணத்துக்குப் பிறகும் அவன் நடுவில் உட்காருவதை யார் தாங்குவது?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். திருட்டுத்தனமாக இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டேன். கூரைக்குக் கீழே செயற்கைப் பனி கொட்டி வைத்திருக்கும் கூடம் ஒன்று. பூட்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன். குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன். பத்தே நிமிஷத்தில் விரல் மரத்துவிட்டது. ரத்தம் ஓடவே இடமில்லையாம். மெல்லிசாக ஒரே ஒரு ஜோடிதான் போட வேண்டும். நேராக நின்றால் விரல் முன்னால் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் பின்னுக்கு வந்துவிட வேண்டும், குதிகால் அசையவே கூடாது. அதுதான் சரியான அளவு.

விழுவது சுலபமாக வந்துவிட்டது. எழுவதுதான் வரவில்லை. நான் ஸ்கீயின், அதாவது பூட்ஸில் மாட்டும் சறுக்குப் பலகையின், முனை கீழ்ப்பக்கம் பார்க்க எழுந்துகொண்டே இருந்தேன். பாதி எழுந்ததும் அது என்னை உட்கார்ந்தபடியே இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாறு தடவை. கடைசியில் சொல்லிக் கொடுக்கும் பெண் வந்து, இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே வைக்கச் சொன்னாள். வைத்தேன். சரிவின் மேல்பக்கம் கையை ஊன்றினேன். நின்றுவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது. உடனே கைதட்டத் திரும்பி மறுபடி விழுந்தேன்.

வாடகைக் கடையில் உன் எடை, உயரம், வயது எல்லாம் கேட்பார்கள். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதற்கு அதை வைத்துத்தான் ஸ்கீயின் பிடிப்பைத் திருகி வைப்பார்கள். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே எழுபத்திரண்டு கிலோவை அங்கே போய்ச் சொல்லாதே. குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் ஸ்கீ தானாகக் கழன்று ஓடும். நன்றாகச் சறுக்குவேன் என்று பீற்றிக்கொண்டால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

இதுவரைக்கும் எழுதியதெல்லாம் நேற்றே எழுதியிருக்க வேண்டியது. இப்போது எழுதப்போவதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன்.

காப்பீட்டுக்காக எல்லாரிடமும் படிவம் வாங்கினேன் அல்லவா? அங்கே தடத்தில் அடிபட்டால் தூக்கிவரும் வண்டிக்கே தனிப் பணம். ஷெங்கன் விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன். வாத்தியார் படிவத்தில் இதய சிகிச்சை எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தான். நானும் பார்த்துவிட்டு உறையில் வைத்துவிட்டேன். மறுநாள் தங்கச்சி, அவன் பெண்டாட்டி, போன் செய்தாள். போன ஜூனில் அவனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், மாப்ளே. நம்மிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் என்றானே, அந்தப் பத்து நாள்தான். நாம் இரண்டு பேரும் அப்போது அவனை என்னவெல்லாம் கிண்டல் செய்தோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

உயரத்தைப் பற்றி அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். எத்தனை உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது. 2,300 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் கிடைக்கும். முதல் இரண்டு நாள் நல்ல உடம்புக்காரனுக்கே தலை வலிக்கும், தூக்கம் வராது. மேலே சீம் கரோன் உச்சிக்குக் கேபிள் கார் போகிறது, 3,200 மீட்டர். அங்கே மூன்றில் இரண்டு பங்குதான். சறுக்கத் தெரியாதவனும் ஏறிப் போய் மோன் ப்ளாங் சிகரத்தைப் பார்க்கலாம். வாத்தியார் போன வாரம் எனக்கு அந்தக் கேபிள் கார் படத்தைத்தான் அனுப்பியிருந்தான். 'இதில் நிற்கிறேன், நீ போட்டோ எடு' என்று கீழே எழுதியிருந்தான்.

போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லையாம். டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டுப் பேசலாம், போனாலும் ராத்திரி 2,000 மீட்டருக்குக் கீழே தூங்கு என்று தங்கச்சி முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அவன் அதை நம்மிடம் சொல்லவில்லை. தன்னால் பயணம் கெட்டுவிட்டது என்று இருக்கக் கூடாதாம்.

அதனால் வீட்டை மாற்றப் போகிறேன். அதே பள்ளத்தாக்கில் கீழே லே மெனுயிர் இருக்கிறது, 1,850 மீட்டர். 1960களில் கட்டிய கான்கிரீட் ஊர், அழகென்று வாய் தவறிக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் வாசலிலேயே புதியவர்களுக்குச் சாய்வு குறைந்த சரிவுகள் இருக்கின்றன. இன்னும் கீழே 1,450-இல் சான் மார்த்தான், பழைய கல்வீடுகளோடு அழகான ஊர். ஆனால் நம்மைப் போல விழுகிறவர்களுக்கு அங்கே வேலை குறைவு. உச்சிகளிலெல்லாம் மரமே கிடையாது, மூடுபனி வந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. தடத்தின் ஓரக் கம்பங்களை எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும், வலது பக்கத்துக் கம்பத்துக்குத் தலையில் ஆரஞ்சு நிறம். அதில் வாத்தியாரை நான் விடமாட்டேன். கேபிள் கார் விஷயத்தை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். வீடு மாற்றுவது உன்னால் என்று இருக்கட்டும். உனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, மூச்சு வாங்குகிறது, என்னவோ சொல். அவன் உன்னைக் கிண்டல் செய்வான், வாங்கிக்கொள். ஆனால் படிவத்தில் பொய் நிற்கக் கூடாது. அங்கே ஏதாவது ஆனால் பழைய சிகிச்சையை மறைத்தான் என்று ஒரு பைசா தரமாட்டார்கள். அதை அவன்தான் திருத்த வேண்டும். நான் கேட்டால் தங்கச்சி சொன்னாள் என்று உடனே தெரிந்துவிடும், வீட்டில் சண்டை. அந்தக் குடை விஷயத்தில் நீ பேசிய மாதிரி பேசு. உனக்கு மட்டும்தான் அவன் அப்படி அடங்குவான். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, நான் மூன்று நாளாக யோசித்து ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

முன்பணம் திரும்பக் கிடைக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் போன் செய். ஒட்டகத்திடம் எதுவும் சொல்லாதே, அவன் வாயில் எது நின்றிருக்கிறது.

அப்புறம், உன் எடையை எழுதி அனுப்பு. நிஜமானதை.

உன் மச்சான்