கடைவீதி வணிகர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை, குடியரசு நாள் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியன வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றில் நான்கு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேர அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

சங்கக் கட்டடத்தின் பின்புறம் கட்டண மின்வாகன சார்ஜர் அமைக்கும் பணி ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கூட்டத்துக்கு வராதவர்களே அதிகம் கேட்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அன்று, சேவையே என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டதால் அதற்கென உரிமம் பெற வேண்டியதில்லை. நகராட்சிப் பகுதிகளில் புதிய மின் இணைப்பை 7 நாளுக்குள் தர வேண்டும் என 2024இல் நுகர்வோர் உரிமை விதிகளும் திருத்தப்பட்டன. இவ்விரண்டையும் நம்பியே மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் சொன்னேன். ஆனால் அந்த 7 நாள், விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்தால்தான் எண்ணப்படும். நம்மிடமோ அனுமதி வரைபடத்தின் நகல் மட்டும் இருந்தது, கட்டட நிறைவுச் சான்று இல்லை. கூரை போட்டால் புதுக் கட்டுமானம் என்று ஆட்சேபம் எழக்கூடும் என அஞ்சிக் கூரையையும் கைவிட்டு வரைபடத்தை இருமுறை திருத்தினேன்.

வரைபடத்தில் ஆறு கார்கள் நிற்பதாகக் காட்டியிருக்கும் இடத்தில், ஆய்வுக்கு வந்த அலுவலர் கண்டது தக்காளிப் பெட்டிகள், காலி எண்ணெய் டின்கள், கால் உடைந்த பெஞ்சு ஒன்று. "முதலில் கார் நிற்கட்டும் சார், பிறகு சார்ஜ் ஏறட்டும்" என்று சொல்லி அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அச்சரக்குகளின் உரிமையாளர்கள் இந்த அவையிலேயே இருப்பதால் பெயர் குறிப்பிடவில்லை. மூன்று சுற்றறிக்கைக்குப் பிறகு தீபாவளிக்கு முன் காலியான இடம், தீபாவளி முடிந்ததும் மீண்டும் நிரம்பிவிட்டது.

வரவு செலவு ஏறக்குறைய சமமாகவே உள்ளது. விவரம் பொருளாளரிடம் பார்வைக்குக் கிடைக்கும். 84 உறுப்பினர்களில் 31 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. தலைவர், துணைத் தலைவர், மண்டபம் தந்து உதவியவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளைஞர் எவரேனும் ஏற்க முன்வந்தால் சார்ஜர் கோப்பை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். இணைப்புக்குக் கட்ட வேண்டிய வைப்புத் தொகை மேற்படி நிலுவையைவிடக் குறைவு என்பதையும், மறு ஆய்வு அடுத்த மாதம் இருக்கலாம் என்பதையும் பின்புறத்தில் சரக்கு வைத்திருப்போர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்