தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறை தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். 9 வயது. "பாட்டி, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். நான் உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், செடிகள் நட்ட இரண்டடித் தொட்டியில், குள்ளச் சிக்லிட் என்னும் சின்ன வண்ண மீன்களை வளர்த்து வருகிறேன். எங்கள் தளத்தில் மீனுக்கு ஏதாவது என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

போய்ப் பார்த்தால் புத்தம்புதுத் தொட்டி. முதல் நாள் மாலைதான் வாங்கியிருக்கிறார்கள். தொட்டி, மணல், விளக்கு, ஃபில்டர், நான்கு கொத்துச் செடி, அவற்றோடு நான்கு நீல ராம் மீன்களும் ஆறு நியான் டெட்ராக்களும். எல்லாம் ஒரே கடையில், ஒரே ரசீதில். 180 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒரு ராம் ஏற்கெனவே மணலில் சாய்ந்து கிடந்தது.

பையனின் அப்பா திருச்சிக்காரர், பொறுப்பான மனிதர். "வெள்ளிக்கிழமையே வாளி வாளியாத் தண்ணி பிடிச்சு வச்சிட்டேம்மா. ஒரு ராத்திரி வச்சா குளோரின் போயிடும்ல?" என்று கேட்டார். ஊரில் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் அப்படித்தான் திறந்து வைப்பார்கள், வாடை போய்விடும். ஆனால் இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் கலப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள் அது. குழாயிலிருந்து நம் வாய்வரை கிருமி அண்டாமல் காப்பதற்காக நெடுநேரம் நிலைத்து நிற்கும்படி கலக்கிறார்கள். குடிக்கும் நமக்கு அதனால் கெடுதல் இல்லை. மீனுக்கோ அது செவுளைப் புண்ணாக்கி இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்தால் குளோரமின் போகாது. அதை முறிக்க ஒரு மருந்துக் குப்பி இருக்கிறது; எல்லா மீன் கடையிலும் கிடைக்கும், சில வெள்ளிதான். அந்தக் குப்பியைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டிலிருந்த குப்பியைக் கொண்டுவந்து ஊற்றினேன். சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா. பாதித் தண்ணீரை மாற்றினோம். மாலையில் மறுபடியும் மாற்றினோம். செவ்வாய்க்கிழமை இரவு கடைசி ராமும் போய்விட்டது. டெட்ராக்களில் இரண்டு மட்டும் தப்பின. பையன் சத்தம் போடாமல் அழுதான். "நான் தீனி அதிகமாப் போட்டுட்டேனா பாட்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். அந்தப் பிள்ளை ஒரு தவறும் செய்யவில்லை.

குளோரமினை முறித்திருந்தாலும் அந்த மீன்கள் நெடுநாள் இருந்திருக்க மாட்டா. மீன் மூச்சுவிடுவதும் கழிவதும் மீந்த தீனி அழுகுவதும் எல்லாம் அம்மோனியாவாகிறது. அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர் ஒரு வகை. அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர் இன்னொரு வகை. இரண்டும் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு வாரம், சில தொட்டிகளில் ஆறு வாரம்கூட ஆகும். தொட்டி 'சைக்கிள்' ஆவது என்று எங்கள் வட்டத்தில் சொல்வது இதைத்தான். நம் ஊரில் இன்னொரு சிக்கல். நம் குழாய்த் தண்ணீர் சற்றுக் காரத்தன்மை உடையது. வீட்டுக்குள் தொட்டி நீர் 28, 29 டிகிரிக்குக் குறைவதே அரிது. காரமும் சூடும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். குளிர்நாடு ஒன்றில் ஒரு வாரம் தாக்குப் பிடிக்கிற மீன் இங்கே இரண்டு நாளில் செத்துப்போகும்.

ராம் மீனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளி அதன் ஊர். மைக்ரோஜியோபேகஸ் ராமிரேசி என்பது அதன் முழுப்பெயர்; முதல் சொல்லுக்குச் சின்ன மண்தின்னி என்று பொருள். மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே சலித்துத் துப்பும். அதனால் கூர்மையான சரளைக்கல் கூடாது, பொடிமணல்தான் வேண்டும். நம் வீட்டுச் சூட்டை விரும்புகிற மீன் அது. ஹீட்டர் தேவையே இல்லை. அந்த வகையில் சிங்கப்பூருக்குப் பொருத்தமான மீன்தான். ஆனால் அழுக்கை மட்டும் பொறுக்காது. இவ்வளவு நிறமும் அழகும் இருப்பதால் பிள்ளைகளின் விரல் முதலில் அதைத்தான் சுட்டுகிறது. அடிபடுவதும் அதுதான்.

என் தொட்டியில் இருப்பவை அபிஸ்டோகிராம்மா ககடுவாய்டஸ். பெரு நாட்டு அமேசான் பகுதி மீன். ஆண் முதுகுத் துடுப்பின் முன்முட்கள் கக்கட்டூ கிளியின் கொண்டைபோல் நிமிர்ந்து நிற்கும். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டு ஜிலேபிக் கெண்டையும் கேரளத்துக் கரிமீனும் இதே சிக்லிட் குடும்பம் என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் எளிதில் நம்புவதில்லை. ஜிலேபிக் கெண்டைக் குழம்பில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. இந்த மீனின் முகவாட்டத்தைப் பார்த்தால் அந்தச் சாயல் எனக்குத் தெரிகிறது.

செடிகள் நம் சூட்டுக்குத் தாங்குபவை: ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன், போர்னியோவின் புசெபலாண்ட்ரா. கரியமிலவாயு உருளை எதுவும் வைக்கவில்லை. விளக்கு ஏழு மணி நேரம் எரியும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மண்ணில் புதைத்தால் கிழங்கு அழுகிவிடும். கட்டையோடு சேர்த்து நூலால் கட்ட வேண்டும். தோழி ஒருத்தியின் தரைவீட்டு முற்றத்தில் நாட்டு வாதுமை மரம் இருக்கிறது, இங்கே கெத்தாப்பாங் என்போமே, அதே மரம். அதன் காய்ந்த இலைகளை அவள் கட்டுக்கட்டாகத் தருவாள். கழுவிப் போட்டால் தண்ணீர் இளம் தே-ஓ, அதாவது பாலில்லாத் தேநீர், நிறத்துக்கு வரும். காட்டோடையில் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழ்ந்த இனம் என் மீன். அந்த நிறத்தில்தான் கூச்சம் தெளிந்து வெளியே வருகிறது.

முட்டையிட ஒரு குகை வேண்டும். நான் வைத்திருப்பது தேக்கா சந்தையில் வாங்கிய தேங்காயின் சிரட்டை. நாரைச் சுரண்டி, இரண்டு முறை வேகவைத்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு வெட்டிக் கவிழ்த்திருக்கிறேன். பெண் மீன் 5 சென்டிமீட்டர்கூட இராது. சிரட்டையின் உட்கூரையில் தலைகீழாக நின்று செந்நிற முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டும். அன்றிலிருந்து அதன் உடம்பு எலுமிச்சை மஞ்சளாகி, கறுப்புக் கோடுகள் மை தீட்டியதுபோல் ஏறிவிடும். தன்னைவிடப் பெரிய ஆணை மூலைக்கு விரட்டிவிட்டு வாசலில் காவல் நிற்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, இன்னும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். தாய் துடுப்பைச் சட்டென்று ஒரு முறை வெட்டினால் போதும், அத்தனை குஞ்சும் அந்தக் கணமே இலைகளின்மேல் படிந்து அசையாமல் கிடக்கும். ஆபத்து நீங்கியதும் மீண்டும் கூட்டிக்கொண்டு மேயப் போகும். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குஞ்சுகள் ஆணாவதும் பெண்ணாவதும் பெரும்பாலும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. ஜெர்மனியின் ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் ஆகிய இருவர் 1996-இல் இதை வெளியிட்டார்கள். சூடு கூடினால் ஆண் கூடுகிறது. என் குறிப்பேட்டில் ஒரு ஏப்ரல் மாத ஈற்றில் 26 குஞ்சு தேறி 22 ஆணாகிவிட்டன. அதன் பிறகு டிசம்பர் மழைநாளில், நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பிவைத்து, 26.5 டிகிரியில் நிறுத்தினேன். மண்பானை குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆவியாகும் தண்ணீரை மட்டும் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். அந்த ஈற்றில் 31-இல் 17 பெண். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நான் இருந்த அத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவான ஒரு சோதனையைப் பார்த்த நினைவு இல்லை.

என் அப்பா துறைமுகத் தொழிலாளி. நான் தொடக்கநிலை ஒன்றில் படித்தபோது ரிவர் வேலி சாலையில் இருந்த வான் கிளீஃப் மீன்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1955-இல் திறந்து 1991-இல் மூடிய இடம். கட்டடமும் இப்போது இல்லை. அங்கே ஒரு கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றதும், அப்பா என்னை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றதும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். அலங்கார மீன் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருக்கும் ஊர் நம்முடையது. சிராங்கூன் நார்த்தில் ஒரே வட்டாரத்தில் எத்தனை மீன் கடைகள்! கடைக்காரர்கள் முதல் நாள் தொட்டியையும் செடியையும் மருந்துக் குப்பியையும் விற்கட்டும். மீனுக்கு நான்கு வாரம் கழித்து வரச் சொல்லட்டும். அந்த வாடிக்கையாளர் கட்டாயம் திரும்பி வருவார். பிழைத்த மீனை வைத்திருப்பவர்தானே தீனி வாங்க வருவார். "தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?" என்று மீன் பிடிக்கும் முன் கேட்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்க வேண்டும்.

பெற்றோரே, ஜூன் விடுமுறை சரியாக நான்கு வாரம். முதல் நாள் தொட்டியை வையுங்கள். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு அழுக விடுங்கள். அந்த நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. சொட்டு மருந்துச் சோதனையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். இரண்டும் சுழியத்துக்கு வந்த பிறகு மீன் வாங்கப் போங்கள். வளர்க்க முடியாமல் போனால் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். யாரோ கொண்டுவந்து விட்ட பீக்காக் பாஸ் என்னும் தென் அமெரிக்கச் சிக்லிட் இன்று நம் நீர்த்தேக்கங்களில் பெருகி நிற்கிறது. வேறு வளர்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். என் வீட்டுக்கே பலர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் அவர்களே, மாணவர்களுக்கான உங்கள் பக்கத்தில் அடுத்த விடுமுறைக்கு முன் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் எவ்வளவோ பிள்ளைகளுக்கு உதவும்.

பையனின் தொட்டி இப்போதும் ஓடுகிறது. மிஞ்சிய இரண்டு டெட்ராக்களையும் நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் ஃபில்டரின் பழைய பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்; அதிலேயே நுண்ணுயிர் இருப்பதால் காலம் கொஞ்சம் குறையும். தினமும் மாலை ஏழு மணிக்கு அவனே சோதித்து, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுகிறான். நேற்று 17-ஆம் நாள். அம்மோனியா 0, நைட்ரைட் இன்னும் ஊதா நிறம். "இன்னும் ஆகல பாட்டி" என்று அவனே சொல்லிவிட்டுக் குழாயைக் கழுவி வைத்தான். என் டிசம்பர் ஈற்றிலிருந்து ஒரு சோடியை அவனுக்கென்று தனியே பிரித்து வைத்திருக்கிறேன். சிரட்டையையும் வேகவைத்தாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர்,
யீஷூன்