மாப்பிள்ளைக்கு ஒரு பழைய பாக்கி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டெட்ராய்டில் முதல் பனி கொட்டிவிட்டது. வாசலில் அதை அள்ளப் போய்த் தோள்பட்டையில் பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாகச் சட்டை மாட்டவே ஆள் தேவைப்படுகிறது.

அப்படி சோபாவில் கிடந்தபோதுதான் 1994 ஜனவரி 2ஆம் தேதி நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். பந்தோடு ஓடுவதில் உன் எமிட் ஸ்மித் பெரியவரா, என் பாரி சான்டர்ஸ் பெரியவரா என்று நாம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. உங்கள் டல்லஸ் கௌபாய்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதினார்களே, அந்த ஆட்டம். முதல் பாதியிலேயே எமிட் ஸ்மித்துக்கு வலது தோள் பிசகிவிட்டது. மனுஷன் வெளியே போகவில்லை. 32 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 168 யார்டு, போதாததற்கு 10 பாஸ் பிடித்தார். விழுந்த இடத்திலிருந்து கூட ஆடுகிறவர்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த பந்தும் அவருக்கே. ஓவர்டைமில் 16-13 என்று ஜெயித்தார்கள். சட்டை மாட்ட முடியாத நான் அதைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது.

"எதிராளிகளைத் தள்ளி வழி திறந்துவிடும் அந்த லைன் முன்னால் நின்றால் நானும்தான் ஓடுவேன்" என்று எத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லிவந்தேன்! வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். லைனில் நின்ற நேட் நியூட்டனும் எரிக் வில்லியம்ஸும் வழி திறந்துவிடலாம், தோளைக் கடன் கொடுக்க முடியாதே. அந்த சீசனின் ஆரம்பத்தையும் பார். சம்பளத் தகராறில் ஸ்மித் ஆடாத முதல் இரண்டு ஆட்டமும் டல்லஸுக்குத் தோல்வி. லைன் இருக்கத்தான் இருந்தது.

சரி, இதற்காக எங்கள் டெட்ராய்ட் லயன்ஸின் பாரி சான்டர்ஸை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று குதிக்காதே. ஸ்மித்தின் ஓட்டத்தில் மூன்று யார்டு என்றால் நிச்சயம் மூன்று யார்டு. சான்டர்ஸிடம் அந்த நிச்சயமே கிடையாது. லயன்ஸின் அன்றைய மைதானமான சில்வர்டோமில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்: நாலு பேர் சூழ்ந்துவிடுவார்கள், அவர் முன்னேறாமல் பின்பக்கமாகவே ஓடுவார், நாம் தலையில் கை வைப்போம், இடுப்பு ஒரு பக்கம் போகும், ஆள் இன்னொரு பக்கம் போயிருப்பார். பிடிக்க வந்தவன் கையில் காற்றுதான். கிரீன் பேயில் 13 ஓட்டத்துக்கு மைனஸ் 1 யார்டு என்று நீ குத்திக்காட்டுவாய், தெரியும். 1997ஐயும் சேர்த்துச் சொல்லு. முதல் இரண்டு ஆட்டத்தில் மொத்தமே 53 யார்டு. மீதி 14 ஆட்டத்திலும் நூறுக்குக் குறையவில்லை. சீசன் கணக்கு 2,053. கழித்துப் பார், அந்த 14இல் கச்சிதமாக 2,000!

ஆடிய வருஷங்கள் எல்லாம் சேர்த்து ஓடியது ஸ்மித் 18,355 யார்டு, சான்டர்ஸ் 15,269. ஒரு ஓட்டத்தின் சராசரியில் 4.2க்கு 5.0. இதை வைத்து எவ்வளவு சண்டை போட்டோம்! இப்போது எனக்கு உறைப்பது வேறு. ஸ்மித்துக்கு மொத்த யார்டு ரெக்கார்டு வேண்டியிருந்தது. வயது முப்பதைத் தாண்டியும் ஓடி, 2002இல் அந்த ரெக்கார்டை வைத்திருந்த வால்டர் பேட்டனை முந்தினார். சான்டர்ஸோ பேட்டனைத் தொட 1,457 யார்டு பாக்கி இருக்கும்போது, 1999இல் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு விலகிவிட்டார். முதல் வருஷமே அப்படித்தான்: வெறும் 10 யார்டில் லீக்கின் முதலிடம் போகும் என்று தெரிந்தும், கடைசி ஆட்டத்தின் முடிவில் மறுபடி உள்ளே இறங்க மறுத்தவர். அந்த ஃபேக்ஸுக்காக அன்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

தாங்க்ஸ்கிவிங்குக்கு இங்கே வந்துவிடு. மதியம் எங்கள் லயன்ஸ், அப்புறம் உங்கள் கௌபாய்ஸ். பழைய சிடியும் எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஸ்வெட்டர் மறக்காதே, வாசல் பனி உனக்காகக் காத்திருக்கிறது.

உன்
பழைய ரூம்மேட்