வேத வசனப் பகிர்வு: சனிக்கிழமை இரவு 8 மணி

அன்பானவர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வருகிற சனிக்கிழமை இரவு 8 மணி முதல் 9 மணி வரை நம் மார்த்தாண்டம் குழுவில், நம்மைத் தேற்றிய வசனம், இன்றும் விளங்காத வசனம், வாசிக்கும்போதே சிரிப்பை வரவழைத்த வசனம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள இருக்கிறோம்.

1. ஒருவர் ஒரு வசனத்தை மட்டும் அதிகார எண்ணுடன் பதிவிடவும்.

2. கத்தோலிக்கக் குடும்பத்தினர் திருவிவிலியத்தையும் மற்றவர்களில் பலர் பழைய மொழிபெயர்ப்பையும் வாசிப்பதால், எதிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடவும்.

3. தேற்றிய வசனமானால் அதன் பின்னணியையும் எழுதவும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் எங்கள் வாழையும் ரப்பரும் சாய்ந்தபோது, அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று சொல்லும் ஆபகூக் 3:17, 18 வசனங்களின் ஓரத்தில் என் அம்மா பென்சிலால் குறித்த தேதி இன்றும் அழியாமல் இருக்கிறது.

4. மாற்கு 14:51, 52 வசனங்களில் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிய வாலிபன் யார் என்பது போன்ற கேள்விகளைத் தயங்காமல் கேட்கவும்.

5. பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகுவின் கதையை (அப்போஸ்தலர் 20:9) வாசித்துத் தாராளமாகச் சிரிக்கலாம். அவர் உயிரோடு எழுந்தார். ஆனால் எந்தச் சபையையும் ஊழியரையும் கேலி செய்யக் கூடாது.

6. தட்டச்சு செய்ய இயலாத பெரியவர்கள் குரல் பதிவு அனுப்பலாம்.

கலந்துகொள்வோர் வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெயருடன் பதில் அளிக்க வேண்டுகிறேன்.